ஒரே மண், இரண்டு சாட்சி: களிமண் ஓர் ஆற்றைக் காட்டுகிறது, ஜிர்கான் இன்னோர் ஆற்றை

சேற்றுக்கால் | பதிவு 1

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிக்க மட்டுமே வந்தவன், இப்போது வசமாக மாட்டிக்கொண்டதால் எழுதுகிறேன்.

கண்டத்திட்டின் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) குறுக்கே, 20 மீட்டர் ஆழத்தில் தொடங்கி 110 மீட்டர் வரை ஒரு வரிசையாக எடுத்த 18 மேற்பரப்புப் படிவு மாதிரிகள் என்னிடம் இருக்கின்றன. அந்தக் கரையில் இரண்டு பெரிய ஆறுகள் கலக்கின்றன. வடக்கே இருப்பது கிட்டத்தட்ட முழுக்கப் பசால்ட் (எரிமலைக் குழம்பு உறைந்த பாறை) நிலத்தில் ஓடி வருகிறது. தெற்கே இருப்பது பழைய நைஸ், கிரானைட் நிலத்திலிருந்து வருகிறது. கடலடியில் கிடக்கும் மண்ணில் எந்த ஆற்றின் பங்கு எவ்வளவு என்பதுதான் என் ஆய்வுக் கேள்வி.

2 மைக்ரானுக்குக் கீழான களிமண்ணைப் பிரித்து, எத்திலீன் கிளைக்கால் ஆவியில் ஓர் இரவு வைத்து, எக்ஸ்ரேயில் பார்த்தேன். எல்லா மாதிரியிலும் ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமம்தான் மேலோங்கி நிற்கிறது. கரையை விட்டு விலக விலக இன்னும் கூடுகிறது. பசால்ட் சிதைந்தால் ஸ்மெக்டைட் வரும், ஆகவே வடக்கு ஆறுதான் என்று ஓர் அத்தியாயமே எழுதி முடித்துவிட்டேன். அப்புறம் நான்கு மாதிரிகளில், தான் உருவான வயதைத் தனக்குள் வைத்திருக்கும் ஜிர்கான் என்ற கனிமத் துகள்களின் வயது பார்த்தோம். அத்தனையும் தெற்கு ஆற்றுப் பாறைகளின் வயது. வடக்கு ஆற்றின் வாடையே இல்லை!

“இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் எப்படி வைக்கப்போகிறாய்?” என்கிறார் வழிகாட்டி. நான் எதை நம்புவது?

கருங்கல் | பதிவு 2

ஜிர்கானோடு பத்து வருடம் குடித்தனம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன். பசால்ட்டில் ஜிர்கான் தேடுவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அந்தக் குழம்பில் சிர்கோனியம் இருந்தாலும் அது தனிக் கனிமமாகப் படிகமாகும் நிலைக்குப் பெரும்பாலும் வருவதில்லை. கிரானைட்டிலோ அது தாராளமாகப் படிகமாகும். ஆக, உங்கள் மண்ணில் பத்தில் ஒன்பது பங்கு வடக்கு ஆற்றுடையதாக இருந்தால்கூட, பொறுக்கி எடுக்கும் ஜிர்கான் எல்லாம் தெற்கு ஆற்றுடையதாகத்தான் இருக்கும்.

உங்கள் இரண்டு சாட்சிகளும் பொய் சொல்லவில்லை. ஒருவர் வடக்கு வாசலையும் மற்றவர் தெற்கு வாசலையும் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்.

ஜிர்கான் வேறு ஒரு விதத்திலும் ஏமாற்றும். அது சாகாத கனிமம். ஒரு மலையிலிருந்து உதிர்ந்து, மணற்பாறையில் அடைபட்டு, அது சிதைந்து மறுபடி ஆற்றில் விழுந்து வரும். வயது முதல் மலையைச் சொல்லும், கொண்டுவந்த ஆற்றைச் சொல்லாது. தெற்கு ஆற்றின் படுகையில் மணற்பாறை உண்டா என்று பாருங்கள். அப்புறம், மாதிரிக்கு எத்தனை துகள் அளந்தீர்கள்? மொத்தத்தில் 5 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கும் எந்த வயதுக் கூட்டத்தையும் தவறவிடவில்லை என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல 117 துகள் வேண்டும் என்பது 2004-லிருந்து எங்கள் துறையில் எல்லோரும் ஒப்பிக்கும் எண்.

சல்லடை | பதிவு 3

கருங்கல் அக்கா சொன்னது சரி. ஆனால் களிமண் பக்கம் மட்டும் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். “கரையை விட்டு விலக விலக இன்னும் கூடுகிறது” என்ற வரிதான் எனக்கு உறுத்துகிறது.

1977-ல் ரொனால்ட் கிப்ஸ் அமேசான் கழிமுகத்துக்கு வெளியே இருக்கும் திட்டில் இதையேதான் பார்த்தார். முகத்துவாரத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக ஸ்மெக்டைட் பங்கு ஏறுகிறது, மற்ற களிமண் கனிமங்களான இல்லைட்டும் கயோலினைட்டும் இறங்குகின்றன. அங்கே இரண்டாவது ஆறு என்று ஒன்று கணக்கிலேயே இல்லை. ஸ்மெக்டைட் துகள்கள் மற்ற எல்லாவற்றையும்விடப் பொடி, கடைசியாகத்தான் அடியில் இறங்கும். இல்லைட்டும் கயோலினைட்டும் கனத்தவை, வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடும். உங்கள் ஏறுமுகம் கடல் செய்த சலிப்பு வேலையாக இருக்கலாம், வடக்கு ஆற்றின் பங்கு கூடியதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்னொன்று விழுக்காட்டின் குணம். ஸ்மெக்டைட், இல்லைட், கயோலினைட், குளோரைட் என்ற நான்கு களிமண் கனிமங்களையும் கூட்டினால் 100 வர வேண்டும். ஒன்று ஏறினால் மற்றவை குறைந்துதான் காட்டும், உண்மையில் ஒரு துகள்கூடக் குறையாவிட்டாலும். 1980-களில் புள்ளியியலாளர் ஜான் அட்சிசன் இதற்காகத்தான் மடக்கை விகிதக் கணக்கைக் கொண்டுவந்தார். விழுக்காட்டுக்கு விழுக்காடு ஒட்டுறவுக் கோடு போட்டு வைத்திருந்தால் முதலில் அதைக் கிழித்துப் போடுங்கள்.

எக்ஸ்ரே வரைபடத்தில் ஒவ்வொரு கனிமத்தின் முகட்டுப் பரப்பை எடுத்து ஸ்மெக்டைட்டுக்கு 1, இல்லைட்டுக்கு 4, கயோலினைட்-குளோரைட்டுக்கு 2 என்று பெருக்கினீர்களா? பிஸ்கே 1965-ல் தந்த அந்த எடைகள் மாதிரிகளைத் தங்களுக்குள் ஒப்பிடத்தான். “இந்த மண்ணில் 63 விழுக்காடு ஸ்மெக்டைட்” என்று அறுதியிட்டுச் சொல்ல உதவாது.

கரையோரன் | பதிவு 4

நான் இந்தத் துறை இல்லை, ஆர்வத்தில் கேட்கிறேன், சிரிக்காதீர்கள். ஆறு கடலில் விழும் இடத்துக்கு நேர் எதிரேதானே அதன் மண் கிடக்கும்? தூரத்தை அளந்தால் போதாதா, இதற்கு இத்தனை கருவியா?

கழிமுகன் | பதிவு 5

சிரிக்க என்ன இருக்கிறது, ரொம்ப நாள் பலரும் அப்படித்தான் வரைபடம் போட்டார்கள்.

மண் நேர் எதிரே நிற்பதில்லை. அமேசான் கக்கும் சேற்றில் ஒரு பங்கு, கரையை ஒட்டி வடமேற்கே நடந்து, கயானா நாடுகளைக் கடந்து ஒரினோகோ முகத்துவாரம் வரை சுமார் 1,500 கி.மீ. போகிறது. ‘நடந்து’ என்று எழுதியது சும்மா இல்லை. பத்து, இருபது கி.மீ. நீளமுள்ள சேற்றுத் திட்டுகளாகத் திரண்டு, ஆண்டுக்கு ஒரு கி.மீ., சில இடங்களில் அதைவிடக் கூடுதலாக, முன்பக்கம் படிந்தும் பின்பக்கம் கரைந்தும் அது நகர்கிறது. சீனாவின் சாங்ஜியாங் (யாங்சி) ஆற்றுச் சேறு தெற்கே தைவான் நீரிணை பக்கமாக 800 கி.மீ. அளவுக்குக் கரையோரப் பட்டையாக நீண்டு கிடக்கிறது. நைல் மணல் கிழக்கே திரும்பி, கரையோரமாகவே ஹைஃபா விரிகுடா வரை போயிருக்கிறது. எந்த ஆறும் தன் வாசலோடு நின்றதில்லை.

இதற்குத் தோதான கண்டத்திட்டு இந்தியாவின் மேற்குக் கரைதான். வடக்கே சிந்து நதி இமயத்துப் பாறைப்பொடியைக் கொண்டுவருவதால் இல்லைட்டும் குளோரைட்டும் அதிகம். நடுவில் நர்மதை, தபதி வழியாகத் தக்காணப் பசால்ட்டின் ஸ்மெக்டைட். தெற்கே போனால் மழை கொட்டும் செம்புரைக்கல் நிலத்திலிருந்து கயோலினைட்டும், அலுமினியக் கனிமமான கிப்சைட்டும். மூன்று நிலம், மூன்று கையெழுத்து. ஆனால் ஒன்றின் எல்லையில் இன்னொன்று கலக்கும் இடத்தில் சண்டை தொடங்கிவிடும். சேற்றுக்கால் தம்பி நிற்பது அப்படிப்பட்ட இடத்தில்தான்.

நங்கூரம் | பதிவு 6

எல்லோரும் “எந்த ஆறு” என்றே கேட்கிறீர்கள். “எப்போது” என்று யாரும் கேட்கவில்லையே!

தம்பி, 20,000 ஆண்டுகளுக்கு முன்னால் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டருக்கும் கீழே கிடந்தது. உங்கள் 110 மீட்டர் மாதிரி எடுத்த இடம் அன்று கரைமேல் இருந்தது. ஆறுகள் திட்டின் மேலேயே ஓடி விளிம்பில் போய் விழுந்தன. பிறகு கடல் ஏறியது, அந்த ஆற்று மணலும் கடற்கரை மணலும் அப்படியே மூழ்கின. உலகக் கண்டத்திட்டுகளின் பரப்பில் 70 விழுக்காடு இப்படிப்பட்ட எச்சப் படிவு என்று 1968-ல் கடல் புவியியலாளர் எமெரி மதிப்பிட்டார். அந்த எண்ணைப் பற்றி இன்று வாதிடலாம், விஷயம் மாறாது.

கப்பலில் போன காலத்தில் ஒரு காட்சி அடிக்கடி பார்ப்பேன். மாதிரி எடுக்கும் இரும்பு வாய் மேலே வந்து தட்டில் திறக்கும். மேலே விரல் கனத்துக்குப் பச்சை கலந்த சாம்பல்நிறச் சேறு, வெண்ணெய் மாதிரி. அதன் கீழே துருப்பிடித்த பழுப்பில் மணல், குவார்ட்ஸ் துகள் ஒவ்வொன்றிலும் இரும்புக் கறை, நடுநடுவே தேய்ந்து ஓட்டை விழுந்த சிப்பி ஓடு. மேலே இருப்பது போன வருட வெள்ளமாக இருக்கும், கீழே இருப்பது மாமத யானை காலம். புதிதாக வந்த பையன்கள் இரண்டையும் சேர்த்துக் கிளறி ஒரே பையில் போட்டுக் கட்டி விடுவார்கள். நான் கத்துவேன், அவர்கள் அடுத்த நிலையத்தில் மறுபடி கிளறுவார்கள்.

உங்கள் களிமண் மேலே இருந்த சேற்றிலிருந்தும், ஜிர்கான் கீழே இருந்த மணலிலிருந்தும் வந்திருந்தால், இரண்டு சாட்சிகளும் ஒரே சம்பவத்தைப் பார்த்தவர்களே இல்லை.

இன்னொரு சங்கடம், ஆறே இடம் மாறும். மஞ்சள் ஆறு 1128-லிருந்து 1855 வரை தெற்கே திரும்பி மஞ்சள் கடலில் நேராக விழுந்துகொண்டிருந்தது. 1855-ல் உடைத்துக்கொண்டு மறுபடி வடக்கே போஹாய் கடல் பக்கம் போய்விட்டது. ஆனால் கைவிடப்பட்ட பழைய முகத்துவாரம் இன்றும் அரிக்கப்பட்டுக் கடலுக்கு மண் தந்துகொண்டிருக்கிறது. அங்கே ஆறு இல்லை, ஆற்றின் மண் மட்டும் வருகிறது! அணை கட்டிவிட்டால் இன்னும் மோசம். சாங்ஜியாங் ஒரு காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் இறக்கியது. மூன்று பள்ளத்தாக்கு அணை 2003-ல் நீர் தேக்கத் தொடங்கிய பின் அது 15 கோடி டன்னை ஒட்டி வந்துவிட்டது. மேல்மலை மண் குறைந்து, கீழ்ப்படுகையையே அரித்து எடுத்துக்கொண்டு வருகிறது. இன்று ஆற்றில் அள்ளும் மண் அந்த ஆற்றின் பழைய கையெழுத்து இல்லை.

ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம் பார்த்தீர்களா? அரைவாழ்வு 22 ஆண்டு, நூறு ஆண்டுக்குள் படிந்ததா என்று சொல்லிவிடும். மிக அண்மை வெள்ளம் என்றால் பெரிலியம்-7, அதற்கு 53 நாள்தான்.

சேற்றுக்கால் | பதிவு 7

ஐயா, நீங்கள் சொன்னதும் மாதிரிக் குறிப்பேட்டைத் தோண்டி எடுத்தேன். 85 மீட்டருக்கு அப்பால் உள்ள ஐந்து நிலையங்களிலும் “பழுப்பு மணல், சிப்பித் துண்டு, மேலே மெல்லிய சேறு” என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஜிர்கான் பார்த்த நான்கில் மூன்று அங்கே எடுத்தவை. மணல் அதிகம் இருந்ததால் ஜிர்கான் நிறைய கிடைக்கும் என்று அவற்றைத் தேர்ந்தெடுத்தோம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஆற்று மாதிரி என்று நான் வைத்திருப்பது ஆளுக்கு ஒன்று. இரண்டுமே கோடையில், பாலத்துக்குக் கீழே, இறங்க வசதியாக இருந்த மணல்மேட்டில் எடுத்தவை.

சல்லடை | பதிவு 8

பாலத்துக்குக் கீழே! கடலுக்குப் போய்ச் சேரும் மண்ணின் பெரும்பகுதி வெள்ளத்தில் மிதந்து போகும் பொடி. நீங்கள் எடுத்தது வெள்ளம் தூக்க முடியாமல் விட்டுப்போன மிச்சம். ஓடிப்போனவனைத் தேட வீட்டில் இருப்பவனின் அங்க அடையாளம் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

ஓதம்45 | பதிவு 9

இவ்வளவு தலைவலி எதற்கு? நியோடிமியம், ஸ்ட்ரான்சியம் என்ற தனிமங்களின் ஐசோடோப்பு விகிதத்தை அளந்துவிடுங்கள். பசால்ட்டும் பழைய நைஸும் ஐசோடோப்பில் மலைக்கும் மடுவுக்குமாக விலகி நிற்கும். ஒரு கோடு போட்டால் பங்கு தானே தெரியும்.

கருங்கல் | பதிவு 10

கோடு போட்டால்தான் தப்பு. சமாரியம்-147 சிதைந்து நியோடிமியம்-143 ஆகிறது, அரைவாழ்வு 10,600 கோடி ஆண்டு. அதனால் பழைய மேலோட்டுக்கு எப்சிலான் மதிப்பு (நியோடிமியம் ஐசோடோப்பு விகிதத்தைச் சொல்லும் எண்) பூச்சியத்துக்கு வெகு கீழே போய்விடும், பசால்ட் மேலே நிற்கும். இதுவரை ஓதம் சொன்னது சரி. ஆனால் ஒரு சின்னக் கணக்கு. எண்கள் பேச்சுக்கு வைத்துக்கொண்டவை. தெற்கு ஆற்றுக்கு எப்சிலான் −20, மண்ணில் நியோடிமியம் 30 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 30 பங்கு). வடக்கு ஆற்றுக்கு எப்சிலான் 0, நியோடிமியம் 15 பி.பி.எம். இரண்டையும் சரிபாதி கலக்குங்கள். −10 வராது. நியோடிமியம் அதிகம் வைத்திருப்பவரின் குரல் ஓங்கும்: −600-ஐ 45-ஆல் வகுத்தால் −13.3. நேர்கோடு போட்டவர் “மூன்றில் இரண்டு பங்கு தெற்கு” என்று எழுதுவார். உண்மை சரிபாதி. செறிவையும் அளக்காமல் பங்கு சொல்லக் கூடாது.

ஸ்ட்ரான்சியத்தில் நானே பட்டிருக்கிறேன். படிக்கும் காலத்தில் பன்னிரண்டு மாதிரி ஓட்டினேன். ஸ்ட்ரான்சியம்-87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் எல்லாவற்றிலும் 0.709 பக்கத்தில் வந்து நின்றது. கண்டத்திட்டு முழுக்க நன்றாகக் கலந்த ஒரே மண் என்று குதித்தேன். எங்கள் ஆய்வக அக்கா ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, “கடல்நீருக்கு எவ்வளவு?” என்று மட்டும் கேட்டாள். 0.7092. அமிலத்தில் சிப்பித்தூளை நான் சரியாகக் கரைக்கவில்லை. ஆற்றை அளக்கிறேன் என்று சிப்பியை அளந்திருக்கிறேன். துகள்மேல் படியும் இரும்பு-மாங்கனீசு மேற்பூச்சும் இதே வேலையைச் செய்யும், அது கடல்நீரின் நியோடிமியத்தைச் சுமந்து நிற்கும். இரண்டையும் நீக்கிவிட்டுத்தான் உள்ளே இருக்கும் பாறைப்பொடியை அளக்க வேண்டும். அப்புறமும் ஸ்ட்ரான்சியம் துகள் அளவுக்கு ஏற்ப ஆடும், சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகும் ருபீடியம் மைக்காவிலும் களிமண்ணிலும் போய்ச் சேர்வதால். நியோடிமியம் அவ்வளவு ஆடாது.

கழிமுகன் | பதிவு 11

காசு செலவழிப்பதற்கு முன்னால் கையில் இருக்கும் நுண்நோக்கியைப் பயன்படுத்தலாமே? ஜிர்கான் பசால்ட்டைப் பார்க்காது என்பதுதான் சிக்கல் என்றால், பசால்ட்டைப் பார்க்கும் கனிமத்தை அதே மணலில் தேடுங்கள். ஆகைட், பசால்ட்டில் நிறைய இருக்கும் கனிமம். 63 முதல் 125 மைக்ரான் வரை மட்டும் சலித்து எடுத்து, கனத்த திரவத்தில் போட்டால் (புரோமோஃபார்ம் நஞ்சு, சோடியம் பாலிடங்ஸ்டேட் இருந்தால் அதுவே மேல்) குவார்ட்ஸ் மிதக்கும், 2.9-க்கு மேல் அடர்த்தி உள்ளவை அடியில் போகும். கீழே இறங்கியதில் ஆகைட் இருந்தால் வடக்கு. நைஸில் வரும் கார்னெட், சில்லிமனைட் கனிமங்கள் இருந்தால் தெற்கு. ஒரே அளவுச் சன்னலுக்குள், ஒரே மணலில், இரண்டு ஆற்றுக்கும் வாய் கொடுத்த மாதிரி ஆகும்.

சேற்றுக்கால் | பதிவு 12

மூன்று வாரம் ஆயிற்று, மன்னிக்கவும். கழிமுகன் அண்ணா சொன்னபடி ஒன்பது மாதிரிகளில் எண்ணினேன்.

20 முதல் 45 மீட்டர் வரை ஆகைட் தாராளம். இளம்பழுப்பும் வெளிர்பச்சையுமாக, ஓரம் உடைந்த கண்ணாடித் துண்டு போல் கூர்மையாக இருக்கிறது. கூடவே கார்னெட்டும் கொஞ்சம். ஆக வடக்கு ஆற்றின் மணல் அங்கே இருக்கிறது, ஜிர்கானுக்குத்தான் அது தெரியவில்லை. 85 மீட்டருக்கு அப்பால் ஆகைட் ஒன்றுகூட இல்லை. கார்னெட், இல்மனைட், கறை படிந்த மணல், அவ்வளவுதான். ஸ்மெக்டைட்டை ஆழத்துக்கு எதிராகப் போடாமல் துகள் அளவுக்கு எதிராகப் போட்டுப் பார்த்தேன். ஏறுமுகத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது. சல்லடை சார், நீங்கள் சொன்னதுதான்.

ஆகவே இப்படி எழுதலாமா: வெளித்திட்டு மணல் பழையது, தெற்கு ஆற்றுடையது. அதன்மேல் இன்றைய சேறு, அதில் வடக்கு ஆற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

சல்லடை | பதிவு 13

முதல் பாதியில் பாதி எழுதலாம். ‘பழையது’ என்று எழுதலாம், சிப்பி ஓட்டில் கார்பன்-14 வயது ஒன்றாவது வாங்கிவிட்டு. ‘தெற்கு ஆற்றுடையது’ என்று இப்போதே எழுதாதீர்கள். ஆகைட் சீக்கிரம் கரைந்துபோகும் கனிமம், கார்னெட் தாங்கும். பல்லாயிரம் ஆண்டு கிடந்த மணலில் ஆகைட் இல்லை என்றால் வரவே இல்லை என்றும் பொருள், வந்து கரைந்தது என்றும் பொருள். அரித்துக் குழி விழுந்த, ரம்பப்பல் போன்ற ஓரம் உள்ள துகள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமத்தின் ஓரத்திலும் பாருங்கள், அதுவும் அரிபடும். அதன் ஓரம் முழுசாக இருந்தால் கரைந்துபோன கதைக்கு வலு குறையும்.

‘பெரும்பங்கு’ என்ற சொல்லும் இப்போதைக்கு வேண்டாம். கருங்கல் அக்கா சொன்ன நியோடிமியத்தை, செறிவோடு, மேல் சேற்றில் மட்டும் ஆறு மாதிரியில் பாருங்கள். அதற்கு ஒழுங்கான ஆற்று மாதிரி முதலில் வேண்டும்.

நங்கூரம் | பதிவு 14

ஆற்றுக்குப் போனால் வெள்ளம் வடிந்த மறுவாரம் போங்கள். கரைச்செடிகளின் இலைமேலும் மரவேரிலும் ஏடாகப் படிந்து வெடித்திருக்கும் சேறு இருக்கும், தோலாக உரித்து எடுக்கலாம். அதுதான் கடலுக்குப் போன சரக்கின் மிச்சம். கடல்நீர் ஏறும் எல்லைக்கு மேலே எடுங்கள், கீழே எடுத்தால் கடல் திருப்பித் தள்ளிய மண்ணும் கலந்திருக்கும். ஓர் இடம் போதாது, ஆளுக்கு ஐந்து ஆறு இடம். பெரிய துணையாறு கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று.

சேற்றுக்கால் | பதிவு 15

ஹார்ன்பிளெண்டைப் பார்த்தேன். 85 மீட்டரில் ஓரம் முழுசாக இருக்கிறது, 110 மீட்டரில் ரம்பப்பல். ஆக வெளிக்கோடி இரண்டு மாதிரிகளைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் நியோடிமியத்துக்குச் சம்மதித்துவிட்டார்.

வடக்கு ஆற்றில் இந்த வாரம் வெள்ளம் இறங்குகிறதாம். திங்கட்கிழமை கிளம்புகிறேன். பாலத்துக்குக் கீழே இறங்க மாட்டேன்.